சடங்கு பிளக்ஸில் என் படம் மட்டும்

கப்பலூரில் பெஞ்சுப் பட்டறை கட்டினேன். அவனியாபுரத்தில் கல்யாண மண்டபம் கட்டினேன். மண்டபத்துக்குப் பின்னால் மாடி வீடு கட்டினேன், லிப்ட்டோடு. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டினேன், தண்ணீர்த் தொட்டியோடு. தொட்டி இல்லாமல் கழிப்பறையை மட்டும் கட்டிக் கல்வெட்டு வைத்தவர்கள் நிறையப் பேர் உண்டு. நான் அந்த ரகம் இல்லை. அதே பள்ளிக்கூடத்தில் ஒரு ஹாலும் கட்டினேன். இவ்வளவையும் கட்டியவன் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படித்தவர்கள் எதையும் கடைசி வரை படிப்பதில்லை.

எதை மீறிக் கட்டினேன் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் மதுரைக்கு மேற்கே வானம் பார்த்த நிலத்தில் வெள்ளாமை செய்தவர்கள். மழை வந்த வருஷம் சோளம், வராத வருஷம் வாய்ச்சண்டை. நான் அதிலிருந்து கழன்று வெல்டிங் கடையில் சேர்ந்தேன். சொந்தப் பட்டறை போட்ட புதிதில் காற்றடித்துக் கூரைத் தகடு பறந்து பக்கத்துக் கம்பெனி வாசலில் விழுந்தது. அவர்கள் அதைத் திருப்பித் தரவில்லை. பேங்க் மேனேஜர் என்னை நிற்க வைத்தே பேசி அனுப்பினார். பிற்பாடு அந்த பேங்குக்கு வருகிறவர்கள் உட்கார நாற்காலி செய்து கொடுத்தவன் நான்தான். அதில் நான் ஒரு முறைகூட உட்காரவில்லை. எனக்கு வேலை இருந்தது.

மதுரையைச் சுற்றியுள்ள பள்ளிக்கூடங்களில் நான் செய்த பெஞ்சில் உட்காராமல் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையைக் காட்டுங்கள் பார்க்கலாம். நான் பள்ளிக்கூடத்தில் இருந்த காலம் கொஞ்சம். என் பெஞ்சுகள் இருக்கிற காலம் அதிகம்.

இந்த வரிசையில் இன்னொன்றும் உண்டு. அது செங்கல்லும் சிமெண்டும் இல்லை. காலேஜ் பிள்ளைகள் பள்ளிக்கூடங்களுக்குப் போய், உடம்பைப் பற்றியும், ஒருத்தரைத் தொடுவதானாலும் படம் எடுப்பதானாலும் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும் என்பதைப் பற்றியும் இப்போது வகுப்பு எடுக்கிறார்கள். அதில் என் பங்கு பெரியது. அதை யாரும் சொல்லவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

முதலில் தலைமையாசிரியைதான் பட்டறைக்கு வந்தார். நான் பள்ளிக் கமிட்டியில் ஒரு ஆள். ஹால் கட்டிக் கொடுத்தவன் என்பதால் நான் பேசிய பிறகுதான் மற்றவர்கள் பேசுவார்கள். அவர் உட்கார்ந்ததும் விஷயத்துக்கு வரவில்லை. வெயிலைப் பற்றிப் பேசினார். வெயிலைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஏதோ கேட்கத்தான் வந்திருக்கிறார்கள்.

"பசுமலைப் பக்கம் காலேஜ்ல படிக்கிற பிள்ளைங்க சார். வாரம் ஒரு நாள் வந்து நம்ம ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவதுக்குப் பேசுறேங்கிறாங்க. வயசுக்கு வர்றது, அந்த நேரத்துல சுத்தமா இருக்கிறது, சத்தான சாப்பாடு. அப்புறம்… யாராச்சும் தொட்டா என்ன சொல்லணும், யார்ட்ட சொல்லணும், அந்த மாதிரி."

"அதுக்குத்தான டீச்சர்மார் இருக்கீக?"

"எங்ககிட்ட பிள்ளைங்க கேக்க மாட்டேங்குது சார். எங்களுக்கும் சொல்ல வாய் வரமாட்டேங்குது. புத்தகத்துல அந்தப் பாடம் வந்தா, 'வீட்டுல படிச்சுக்கங்க'ன்னு சொல்லிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிடுவோம்."

அந்த ஒரு உண்மைக்காகவே நான் சரி என்றேன். கமிட்டியில் முகம் சுளித்தவர்களிடம் வேறு காரணம் சொன்னேன். ஹாலில் ஆண்டு விழாவும் கண் சிகிச்சை முகாமும் தவிர ஒன்றும் நடப்பதில்லை, சும்மா கிடக்கிற கட்டடத்தை என்னால் பார்க்க முடியாது என்றேன். அதுவும் உண்மைதான்.

முதல் வகுப்புக்கு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் போனேன். மாலை போடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்தவர்கள் இரண்டு பெண்பிள்ளைகள், ஒரு பையன். மாலை இல்லை. கையில் சாயம் போன ஒரு துணிப் பையும், உருட்டிய அட்டைப் படங்களும். தலைவி மாதிரி இருந்த பெண் சௌராஷ்டிர வீட்டுப் பிள்ளை. போனில் அவளுடைய அம்மாவோடு அவர்கள் பாஷையில் பேசினாள். போனை வைத்துவிட்டு என்னிடம் பேசியது அசல் மதுரைத் தமிழ்.

"வணக்கம்யா. ஹால் ரொம்ப நல்லா இருக்கு. இந்த பெஞ்சையெல்லாம் வெளிய எடுத்துப் போட்டுக்கலாமாய்யா?"

"எதுக்கு? அம்புட்டும் நம்ம பட்டறை பெஞ்சு."

"வட்டமா தரையில உட்காரணும்யா. பெஞ்சுல உட்கார்ந்தா முதல் வரிசை மட்டும்தான் பேசும். கடைசி வரிசை ஒளிஞ்சுக்கும்."

என் பெஞ்சை வெளியே போடச் சொன்ன முதல் ஆள் அவள். பிள்ளைகளே தூக்கி வெளியே வைத்தார்கள். ஒரு பெஞ்சுகூட ஆடவில்லை, ஒரு வெல்டிங் விடவில்லை. அதை அவளும் பார்த்திருப்பாள்.

நான் மேடை மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவள் பேசினாள், பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள். பெண்பிள்ளைகள் பாவாடை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். பையன்கள் ஒருத்தன் முதுகில் ஒருத்தன் முகத்தை வைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் மேடைப் பக்கம் வந்தாள்.

"அய்யா, ஒரு உதவி. நீங்க ஹாலோட அந்தக் கடைசியில இருந்து இந்தத் தம்பியப் பாத்து மெதுவா நடந்து வாங்க. தம்பி, அய்யா எம்புட்டுக் கிட்ட வந்தா உனக்கு ஒரு மாதிரியா இருக்கோ, அப்ப 'நில்லுங்க'ன்னு சொல்லணும். அய்யா நின்னுருவாரு. சரியா?"

ஏழாம் வகுப்புப் பையன். சட்டைக் காலரில் பித்தான் இல்லை. நான் நடந்தேன். பாதி ஹால் வந்தேன், சத்தம் இல்லை. முக்கால் ஹால் வந்தேன், சத்தம் இல்லை. என் செருப்பு நுனி அவன் கால் விரலில் இடித்தது. அவன் முதுகு சுவரில் இருந்தது. அதற்கு மேல் போக எனக்கு இடம் இல்லாததால் நானே நின்றேன்.

"ஏன் தம்பி சொல்லல?" என்று கேட்டாள்.

"கட்டடம் குடுத்தவரு, அக்கா" என்றான்.

ஹாலே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "சிரிக்காதீங்க. அவனுக்கு வேணாம்னுதான் இருந்துச்சு. மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுச்சு. ஆனா பெரிய ஆளு, வாய் வரல. ஒருத்தங்க பேசாம நின்னா, சரின்னு சொன்னதா அர்த்தம் இல்ல. ஞாபகம் வச்சுக்கங்க" என்றாள். பிறகு என்னிடம் மெதுவாக, "ரொம்ப நன்றிய்யா. இனிமே நீங்க வெளிய இருந்தா பிள்ளைங்க பேசுவாங்க" என்றாள்.

நான் கட்டிய ஹாலுக்கு வெளியே, நான் கட்டிய தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். ஒன்றை இங்கே பதிவு செய்கிறேன். என் இடத்தில் வேறு யாராவது நடந்திருந்தால் அந்தப் பையன் பாதியிலேயே 'நில்லுங்க' என்றிருப்பான். பாடம் அங்கேயே செத்திருக்கும். அது பிள்ளைகள் மனதில் ஒட்டியது என் அந்தஸ்தால்தான்.

நான் வெளியே வந்த பிறகு உள்ளே சத்தம் வர ஆரம்பித்தது. முதலில் சிரிப்பு, அப்புறம் கேள்வி, அப்புறம் ஒருத்தரை ஒருத்தர் பேச விடாத சத்தம். என் பேத்தியும் உள்ளே இருந்தாள். மகள் வயிற்றுப் பேத்தி. எட்டாம் வகுப்பு. அவள் குரல் கேட்கிறதா என்று காதைக் கொடுத்தேன். எல்லாக் குரலும் ஒன்றாகத்தான் கேட்டது.

வகுப்பு வாராவாரம் நடந்தது. சில மாதத்தில் என் பேத்தி வயசுக்கு வந்தாள்.

எங்கள் வீட்டில் மூத்த பேத்தி. மண்டபம் சொந்த மண்டபம். எப்படிச் செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போய்ப் பாவாடை தாவணியில் படம் எடுத்தோம். பிளக்ஸ் கடைக்காரரிடம் சொல்லி அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ நிற்கிற இடத்தில், எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒரு பிளக்ஸ் வைத்தேன். மேலே 'பூப்புனித நீராட்டு விழா'. நடுவில் பேத்தி, பேரோடு. பக்கத்தில் நான், கும்பிட்டபடி. எனக்குப் பின்னால் ஒரு ஜல்லிக்கட்டுக் காளை. எங்கள் ஊரில் காளை இல்லாத பிளக்ஸை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கீழே சொந்தக்காரர்கள் தலைகள் வரிசையாக. என் படம் பேத்தி படத்தைவிடப் பெரிது என்று சிலர் சொன்னார்கள். காளையோடு சேர்த்துப் பார்ப்பதால் அப்படித் தோன்றும்.

முறையாகத்தான் வைத்தேன். போலீஸில் அனுமதி, மாநகராட்சியில் அனுமதி, பிளக்ஸ் கட்டையைச் சாய்த்த சுவருக்குச் சொந்தக்காரரான மருந்துக் கடைக்காரரிடம் அனுமதி. அனுமதி எண் மூலையில் அச்சடித்திருந்தது. அந்த ரோட்டில் அனுமதி எண்ணோடு நின்ற பிளக்ஸ் என்னுடையது ஒன்றுதான்.

பிளக்ஸ் வைத்த மறுநாள் பேத்தி பள்ளிக்கூடம் போகவில்லை. தலைவலி என்றாள். அதற்கு மறுநாள் வயிற்று வலி. அப்புறம் வலியின் பேரைச் சொல்வதையும் விட்டுவிட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாள். சாப்பாடு உள்ளே போய்ப் பாதியாகத் திரும்பி வந்தது. மாசா மாசம் வருவது அவளுக்குப் புதுசு, உடம்பு பழகும் என்று என் மகள் சொன்னாள். நானும் அப்படியே நினைத்தேன்.

ஒரு மத்தியானம் அந்த சௌராஷ்டிரப் பெண் பஸ் பிடித்துக் கப்பலூர் பட்டறைக்கே வந்துவிட்டாள். கட்டிங் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நிப்பாட்டச் சொன்னேன்.

"பாப்பா வகுப்புக்கு வரலைய்யா. ஸ்கூலுக்கே வரலையாம்."

"உடம்பு சரியில்ல."

"உடம்புக்கு ஒண்ணுமில்லைய்யா."

"ஒனக்கு எப்படித் தெரியும்? போன் பண்ணுனாளா?"

"ஆமாய்யா."

"என்ன சொன்னா?"

"அதை நான் சொல்லக்கூடாதுய்யா. அவகிட்ட கேட்டுட்டுத்தான் சொல்லணும்."

"ஏம்மா, எம் பேத்தியப் பத்தி எங்கிட்ட சொல்ல எம் பேத்திட்ட அனுமதி வாங்கணுமா?"

"ஆமாய்யா."

எனக்குக் கோபம் வந்தது. பட்டறை ஆட்கள் மிஷினைத் துடைக்கிற மாதிரி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். "அப்ப எதுக்கு இம்புட்டு வெயில்ல வந்த?" என்றேன்.

"நீங்க அவகிட்ட கேளுங்கய்யா. அதச் சொல்லத்தான் வந்தேன். நான் கேட்டேன், தலைமையாசிரியை கேட்டாங்க. நீங்க இன்னும் கேக்கல." கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, "போய்ட்டு வாரேன்யா" என்று போய்விட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். லிப்ட்டில் ஏறி அவள் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினேன். என் வீட்டில் ஒரு கதவை நான் தட்டியது அதுதான் முதல் தடவை. "வரலாமா தாயி?" என்றேன். "வாங்க" என்றாள்.

"ஏன் ஸ்கூலுக்குப் போகல?"

"அந்த பிளக்ஸ எடுத்தாப் போறேன்."

"ஏன், படம் நல்லாத்தான இருக்கு?"

"தாத்தா, நான் அதுக்குக் கீழதான் ஷேர் ஆட்டோ ஏறணும். பஸ்ஸுல, கடையில, எல்லாரும் பிளக்ஸப் பாக்குறாங்க, அப்புறம் என்னையப் பாக்குறாங்க. எங்க கிளாஸ் பையன் ஒருத்தன் அத போட்டோ எடுத்து குரூப்ல போட்டுட்டான். 'எப்ப விருந்து'ங்கிறான். எனக்கு என்ன ஆச்சுன்னு ஊருக்கே தெரியணுமா?"

"படம் எடுக்கயில நீ ஒண்ணும் சொல்லலையே. பேசாமத்தான நின்ன?"

அவள் என்னைப் பார்த்தாள். "அந்த ஏழாவது பையனும் பேசாமத்தான் நின்னான் தாத்தா" என்றாள்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"போலீஸ்ல கேட்டீங்க. கார்ப்பரேஷன்ல கேட்டீங்க. மருந்துக் கடைக்காரருகிட்ட கேட்டீங்க" என்றாள். அதோடு நிறுத்திவிட்டாள். அவள் எண்ணியது சரி. எண்ணிக்கையில் அவள் என்னைப் போல.

"அப்ப சடங்கும் வேணாமா?"

"சடங்கு வச்சுக்கங்க. அதுக்கு எடுத்த சேலை எனக்குப் பிடிச்சிருக்கு. படம் வேணாம், பேரும் வேணாம்."

கீழே வந்தால் மாப்பிள்ளை காத்துக்கொண்டிருந்தார். பேத்தியின் அப்பா. என் பட்டறையில் கணக்கு வழக்கைப் பார்க்கிறவர். காலேஜ் படித்தவர்.

"மாமா, சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. அந்தக் காலேஜ் பிள்ளைகள உள்ள விட்டதே தப்பு. நேத்து வரைக்கும் வாயத் தொறக்காத பிள்ளை. இப்ப சம்மதம், அனுமதின்னு பேசுது. கமிட்டில ஏற்கெனவே நாலு பேரு பொருமுறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா வகுப்ப நிப்பாட்டிரலாம்."

"நிப்பாட்டுனா அவ நாளைக்கு ஸ்கூலுக்குப் போயிருவாளா மாப்ள?"

அவர் யோசித்தார். "போக மாட்டா."

"அப்ப அதுனால என்ன லாவம்?"

"பிளக்ஸ எடுத்தா சடங்கு நின்னுபோச்சும்பாங்க மாமா. ஊரு என்னா பேசும்?"

அது சரியான கேள்வி. ஊர் பேசும் என்று எனக்கும் தெரியும். அதற்கு ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. படித்தவர் அவர், கண்டுபிடித்தது நான்.

காலையில் பிளக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் கம்ப்யூட்டரில் ஒரு காதுகுத்துக்குக் காளை ஒட்டிக்கொண்டிருந்தார்.

"பேத்தி படத்தையும் பேரையும் எடுத்துட்டுப் புதுசா ஒண்ணு அடி."

"அண்ணே, சடங்கே அதுக்குத்தானண்ணே?"

"பிள்ளைக்குச் சம்மதம் இல்ல. சம்மதம் இல்லாத படம் நம்ம பிளக்ஸுல வராது."

"அப்ப கீழ இருக்கிற சொந்தக்காரங்க எல்லாம் சம்மதம் சொல்லிட்டாங்களாண்ணே?"

கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் கேள்வி நியாயமாக இருந்தது. ஒரு வேலையைப் பாதியாகச் செய்வது என் வழக்கம் இல்லை. கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டேன். "சடங்கு பிளக்ஸுல ஒம்ம படம் போடச் சம்மதமா?" என்று முறையாகக் கேட்டேன்.

இந்த மாதிரி ஒரு கேள்வியை எங்கள் சனத்தில் அதுவரை யாரும் கேட்டதில்லை. பதில் எப்படி வரும் என்று எனக்குத் தெரியவில்லை. என் தம்பி, "சம்மதம்ணே, ஆனா சம்பந்திக்கு மேல போடு" என்றான். சம்பந்தி, "ஒங்க தம்பிக்குக் கீழ போடுறதுன்னா வேணாம்" என்றார். என் மச்சினன், "இதுவரைக்கும் இத்தனை பிளக்ஸுல என் தலைய தீப்பெட்டி அளவு போட்டீகளே, அதுக்கு எவன்ட்ட கேட்டீக?" என்று பழைய பிளக்ஸ்களை ஒவ்வொன்றாக எடுத்தான். ஒரு சித்தப்பா கண்ணாடி போட்ட படம் இருந்தால்தான் சம்மதம் என்றார். கண்ணாடி போட்ட படம் அவரிடம் இல்லை. கடைசியில் பேசிய ஆள், இப்படிக் கேட்பதே தன்னைப் பிரித்து வைப்பதற்குத்தான் என்று போனை வைத்துவிட்டார்.

முழு மனதோடு, நிபந்தனை இல்லாமல் சம்மதம் கொடுத்த ஆள் ஒருவர்தான் மிஞ்சினார். அது நான்.

"காலியிடம் நெறைய இருக்கேண்ணே, என்ன செய்ய?" என்றார் கடைக்காரர்.

"என் படத்தப் பெருசாக்கு."

அப்படித்தான் அந்த பிளக்ஸ் வந்தது. மேலே 'பூப்புனித நீராட்டு விழா'. நடுவில் நான், கும்பிட்டபடி. எனக்குப் பின்னால் காளை. கீழே மண்டபத்தின் பேர், 'அனைவரும் வருக'. மூலையில் அனுமதி எண். எழுத்தில் ஒரு பிழை இல்லை.

வெயில் ஏறின நேரத்தில், எல்லாரும் பார்க்கத்தான் பழசைக் கழற்றிப் புதுசைக் கட்டினோம். பழசைச் சுருட்டி என் காரில் போட்டுக்கொண்டேன். கட்டி முடிக்கும் முன்னாலேயே ஷேர் ஆட்டோ டிரைவர் ஒருத்தர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார்.

"அண்ணே, வயசுக்கு வந்துட்டீகளாம்ல! சொல்லவே இல்ல?"

"வாங்க, கறிச் சாப்பாடு உண்டு" என்றேன்.

டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்தே வந்துவிட்டார்கள். "மாப்ள, இந்த வயசுல ஆயிருக்கு, ஒடம்பப் பாத்துக்க. உளுந்தங்களி சாப்பிடு" என்றான் என்னோடு அஞ்சாம் வகுப்பு படித்த ஒருத்தன். "தாய்மாமன் சீர் யாருடா கொண்டு வாராக?" என்றான் இன்னொருத்தன். "பின்னால நிக்கிறது மாப்பிள்ளையா?" என்று காளையைக் காட்டிக் கேட்டார் மருந்துக் கடைக்காரர். எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். வாங்க, சாப்பாடு உண்டு.

மறுநாள் காலை பேத்தி புத்தகப் பையோடு கீழே வந்தாள். நானும் கூட நடந்தேன். ஆட்டோ நிற்கிற இடத்தில் கூட்டம் இருந்தது. பிளக்ஸுக்குக் கீழே போய் நின்றுகொண்டேன், அதே வெள்ளை வேட்டி சட்டையில். ஆட்கள் பிளக்ஸைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், மறுபடி பிளக்ஸைப் பார்த்தார்கள். பள்ளிக்கூடப் பையன்கள் சிலர் போனை எடுத்தார்கள். அதில் ஒருத்தன் கிட்டே வந்து, "அய்யா, ஒங்கள ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்டான். கேட்டுவிட்டு எடுத்தான். அவன் எந்த ஹாலில், யார் கட்டிய ஹாலில் உட்கார்ந்து அந்தக் கேள்வியைப் படித்தான் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

பேத்தி ஷேர் ஆட்டோவில் ஏறி ஓரத்தில் உட்கார்ந்தாள். தலையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"தாத்தா, எல்லாரும் ஒங்களத்தான் பாக்குறாங்க."

"பாக்கட்டும். எனக்குச் சம்மதம்."

அவள் சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு. ஆட்டோ போய்விட்டது. அவளை அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை என்பதை நான் பார்த்தேன்.

இதை நான் யோசித்துச் செய்தேனா, தானாக அப்படி அமைந்ததா என்று மாப்பிள்ளை ஒரு நாள் கேட்டார். பெஞ்சு ஆடாமல் நிற்கிறது. நிற்கிற பெஞ்சைப் பார்த்து, இது யோசித்து நிற்கிறதா, தானாக நிற்கிறதா என்று யாரும் கேட்பதில்லை என்றேன்.

கமிட்டி கூடியபோது அந்த நாலு பேரும் வகுப்பை நிறுத்தச் சொன்னார்கள். பிள்ளைகள் எதிர்த்துப் பேசுகிறார்கள் என்றார்கள். "எம் பேத்தியும் பேசுனா. நான் கேட்டேன். எனக்கு எங்க ஒடைஞ்சிருக்கு, காட்டுங்க" என்றேன். யாரும் காட்டவில்லை. பெற்றோர் சார்பில் கமிட்டியில் இருக்கிற மாப்பிள்ளை ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார். பேசாமல் இருந்தால் சரி என்று அர்த்தம் இல்லை என்பதால், வெளியே வந்ததும் தனியாகக் கேட்டேன். "சரி மாமா, நடக்கட்டும்" என்றார். வகுப்பு நடக்கிறது. பெஞ்சை இன்றைக்கும் வெளியேதான் போடுகிறார்கள்.

சடங்கு நன்றாக நடந்தது. அவளுக்குப் பிடித்த சேலைதான் கட்டினாள். கேமராக்காரர் அவள் தலையாட்டிய பிறகே படம் எடுத்தார். ஆட்டாதபோது கேமராவை இறக்கினார். தம்பியும் சம்பந்தியும் ஒரே பந்தியில் உட்காரவில்லை, ஆனால் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம். பிளக்ஸைப் பார்த்து, யாருக்குச் சடங்கு என்று தெரிந்துகொள்ள வந்தவர்கள் பாதிப் பேர்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

சமீபத்தில் திருமங்கலம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு இறக்கப் போனேன். அங்கே ஹெட்மாஸ்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். காலேஜ் பிள்ளைகள் வந்து வகுப்பு எடுத்தார்களாம். ஒரு தாத்தா பேத்தி சொன்னதைக் கேட்டு, அவள் படத்தை எடுத்துவிட்டுத் தன் படத்தை மட்டும் போட்டுச் சடங்கு பிளக்ஸ் வைத்த கதையைச் சொன்னார்களாம். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். உசிலம்பட்டிப் பக்கமும் அந்தக் கதை போயிருக்கிறது என்றார்.

ஒரு தாத்தா. அவ்வளவுதான்.

அந்த சௌராஷ்டிரப் பெண்ணுக்கு அங்கிருந்தே போன் போட்டேன். "ஏம்மா, எங் கதைய ஊரு ஊராச் சொல்லிட்டு எம் பேரச் சொல்லாம விட்டா எப்படி?"

"பேரு சொன்னா பாப்பா யாருன்னு தெரிஞ்சிரும்லய்யா. பாப்பாகிட்ட கேட்டுத்தான் இந்தக் கதையவே சொல்றோம். பேரு வேணாம்னு சொல்லிட்டா."

வீட்டுக்கு வந்து பேத்தியிடம் நானே கேட்டேன். "நான் இத எழுதலாமா?" அவள் யோசித்துவிட்டு, "எழுதுங்க. ஆனா யார் பேரும் வரக்கூடாது" என்றாள். "எம் பேருமா?" என்றேன். "ஒங்க பேரு முக்கியமா வரக்கூடாது" என்றாள்.

அதனால்தான் இதில் ஒரு பேரும் இல்லை. என் பேர் கழிப்பறைக் கல்வெட்டில் இருக்கிறது, ஹால் கல்வெட்டில் இருக்கிறது, பெஞ்சுக்கு அடியில் இருக்கிறது. இதில் மட்டும் இல்லை. கேட்டேன், வேண்டாம் என்றாள், விட்டுவிட்டேன்.

ஆனால் பேர் இல்லை என்பதற்காகப் பங்கும் இல்லை என்று ஆகிவிடக் கூடாது. ஆகவே அந்தப் பிள்ளைகளுக்கும், இந்த வகுப்பை எங்கே யார் எடுத்தாலும் அவர்களுக்கும் சொல்கிறேன். இனிமேல் அந்தக் கதையைச் சொல்லும்போது வெறுமனே 'ஒரு தாத்தா' என்று சொல்லக் கூடாது. அந்தப் பையன் வாய் திறக்காத ஹால் அவர் கட்டியது, அவன் வாய் திறக்காமல் போனதும் அவரால்தான், பழைய பிளக்ஸை அவரே பகலில் கழற்றினார், புதுசுக்குக் கீழே அவரே போய் நின்றார் என்று சொல்ல வேண்டும். அந்தத் தாத்தா அஞ்சாம் வகுப்பு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இவ்வளவையும் சொல்லலாமா என்று பேத்தியிடம் கேட்டுவிட்டேன். சரி என்று வாயைத் திறந்து சொன்னாள்.